கோயில் முடி

கடற்கன்னி வாலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்லப்போகும் அருவருப்பு முழுசாகப் புரியும். ரப்பர் மாதிரி ஒரு பொருளில் செய்த வால் அது. வெளியே பச்சையும் நீலமுமாகச் செதில்கள் மின்னும். உள்ளே, காலையிலிருந்து அதில் கால் நுழைத்த எல்லாக் குழந்தைகளின் வியர்வையும், வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று கொட்டிய பவுடரும் சேர்ந்து களியாகக் கிடக்கும். ஏதாவது குழந்தை பயத்தில் ஒன்றுக்குப் போய்விட்டால் ஒரு துணியால் துடைத்து, சென்ட் அடித்து, அடுத்த குழந்தைக்கு மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டிக்கொண்டு தெர்மாகோல் பாறையில் சாய்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்து "சிரிடா செல்லம், சிரி" என்று சொல்வது என் வேலையாக இருந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஐயம்பேட்டைக்குப் பக்கத்தில், மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையை வாடகைக்குப் பிடித்துச் சென்னைக் கம்பெனி ஒன்று அந்த இடத்தைக் கட்டியிருந்தது. பொழுதுபோக்குப் பூங்காக்களில் இருக்கும் கோட்டை, கோபுரம், ராட்டினக் குதிரை, ஆள் உட்காருகிற பெரிய கோப்பை எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் எதுவும் சுற்றாது, எதுவும் ஆடாது. பிள்ளைகள் ஏறணும், சிரிக்கணும், இறங்கணும். கதைகளில் வருகிற ஓநாயும் தவளையும் மந்திரக் கண்ணாடியும்கூட இருந்தன. ஓநாயின் ஒரு காதை எலி தின்றிருந்தது. மந்திரக் கண்ணாடியில் பூசணம் பிடித்திருந்தது. பிறந்தநாள் கேக் என்று ஒன்று, சுண்ணாம்பில் செய்தது, ஒரு வருஷமாக எல்லாக் குழந்தைகளும் அதையே வெட்டுகிற மாதிரி கத்தியைப் பிடித்தார்கள். சின்னக் குழந்தைகள் அதை நக்கிப் பார்க்கும். யாரும் தடுக்க மாட்டார்கள், ஏனென்றால் நக்கும்போது படம் நன்றாக வரும்.

கற்பனையாகப் படமெடுப்பது எனக்குப் பிடிக்காத விஷயமில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தவள் நான். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிற பிள்ளைகளை உட்காரவைத்து, பின்னால் ஒரு பட்டுத் துணியைக் கட்டிவிட்டு, "நீ இப்ப கப்பல்ல போய்க்கினு இருக்கே, எதிர்ல திமிங்கலம் வருது" என்று சொல்லி, அந்த முகத்தை எடுத்துவிடுவேன். அது எனக்கு ஒரு சந்தோஷம். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு அந்த ஸ்டுடியோவுக்கு ஆள் வருவது நின்றது. பெண் போட்டோகிராபர் என்றால் அம்மாக்கள் தயங்காமல் பிள்ளைகளை விடுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. நானும் போனேன். கதைகளைப் படமாக்குகிற வேலை என்று ஆசையாகத்தான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே கதை கிடையாது, நாலு போஸ்தான் உண்டு. எந்தக் குழந்தையையும் அங்கே ஒரு வார்த்தை கேட்டதில்லை. இளவரசி என்றால் கையைக் கன்னத்தில் வை. வீரன் என்றால் கத்தியைத் தூக்கு. அழுகிற பிள்ளையின் தொடையில் அம்மாவே ஒரு கிள்ளு கிள்ளி, அடுத்த நொடி "ஸ்மைல் பண்ணு கண்ணா" என்பாள்.

அந்த வருஷம் பங்குனியில் டிராகன் வந்தது. ஃபைபரில் செய்தது. எங்கோ வடக்கே ஒரு பட்டறையிலிருந்து லாரியில் ஏற்றி, மேலே மஞ்சள் தார்பாய் போர்த்தி அனுப்பியிருந்தார்கள். முகம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிளந்த வாய், கோரைப் பல், பிதுங்கின கண். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. போனில் பார்த்துக்கொண்டே வந்தவர் புறவழிச்சாலையைத் தப்பவிட்டு ஊருக்குள் நுழைந்து, உற்சவக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டார். அவருக்கு வழிகாட்டி அழைத்து வர மேனேஜர் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார்.

எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு வாகனம் தெருவில் வந்துகொண்டே இருக்கும். சிங்கம், குதிரை, யானை, அன்னம், பூதம், யாளி என்று மரத்தில் செய்து வண்ணம் பூசியவை. அதன் மேல் சாமி ஏறி வரும். அப்படிப்பட்ட ஊரில், பங்குனி மாசத்தில், மஞ்சள் போர்த்திய ஒரு கோரைப்பல் உருவம் லாரியில் வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஏதோ கோயிலுக்கு யாரோ உபயமாகக் கொடுத்த புது யாளி வாகனம் என்று நினைத்துவிட்டார்கள். முதலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மாள் குடத்தோடு ஓடி வந்து லாரிச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினார். யாரோ தேங்காய் உடைத்தார்கள். கற்பூரத் தட்டு வந்தது. டிரைவர் ஒன்றும் புரியாமல், ஆனால் மரியாதையாக, குனிந்து குங்குமம் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் மேனேஜரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்குழந்தை இருந்தாள். எங்கள் தெருதான். அப்பா தறியில் உட்காருகிறவர், அம்மா அதற்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பாள். அம்மா என்னை அக்கா என்பாள், குழந்தை பெரிம்மா என்பாள். அம்மா அவளைத் தூக்கிப் பிடிக்க, இடுப்பு வரைக்கும் தொங்குகிற இரட்டைப் பின்னலோடு எம்பி, டிராகனின் வாய்க்குள் கையை விட்டுப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"பெரிம்மா, இது மேல சாமி மட்டும்தான் ஏறுமா?"

"இல்லடி. இது பசங்க ஏர்றதுக்குச் செஞ்சது."

அந்த முகத்தை நான் எடுக்கவில்லை, கையில் கேமரா இல்லை. பிறந்ததிலிருந்து எல்லா வாகனத்தையும் தெருவில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. ஏறி உட்காரலாம் என்று ஒன்று இருக்கும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் "யாளி நல்லாக்குதா பெரிம்மா?" என்று விசாரிப்பாள். ஏதோ சொந்தக்காரரைக் கேட்பது மாதிரி இருக்கும்.

மேனேஜர் அந்த வீடியோவைக் கம்பெனி பேஜில் போட்டார். எங்கள் ஜனங்கள் கும்பிட்டதை ஊரெல்லாம் பார்த்துச் சிரித்தது. கீழே எழுதியிருந்ததையெல்லாம் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நானும் அங்கே சிரித்தவள்தான், ஆனால் அது ஒரு வீட்டுக்குள் சொந்தக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஆனால் எல்லோருக்கும் பிடித்தது கடைசியில் வருகிற அந்த நீளப் பின்னல்காரிதான். உடனே மேனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு உங்க ஏரியாதானே மேடம்? பர்த்டே எப்ப வந்தாலும் சரி, ஷூட்டை முன்னாடியே ஃப்ரீயா பண்ணித் தரோம். பெரிய ஃபிரேம் போட்டுத் தரோம். அந்த ஹேர்தான் மேடம், கோபுரத்து ஜன்னல்ல உக்காரவெச்சு முடியைக் கீழே தொங்கவிட்டா சூப்பரா இருக்கும்."

குழந்தையின் அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது, உடனே ஒரு சங்கடமும் வந்தது. "சித்திரையில முடி எறக்கணும்க்கா. அதுக்கு அப்பால வந்தா பரவால்லியா?"

அந்த வேண்டுதல் எனக்கும் தெரிந்ததுதான். போன மழைக்காலத்தில் தெருவே காய்ச்சலில் படுத்தது. இந்தக் குழந்தைக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய், பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்களே முகம் கொடுத்துப் பேசாத நிலைமை. வராந்தாவில் நின்றபடி அம்மா குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள், பிழைத்து வந்தால் அவள் முடி முழுக்க உனக்கு என்று. பிள்ளை பிழைத்து வந்தாள். அன்றிலிருந்து அந்தத் தலையில் கத்தரி படவில்லை. நுனிகூட வெட்டவில்லை. அது அம்மனுடைய முடி, இவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

"முடி இல்லேன்னா என்ன, படம்தானே, வா" என்றேன்.

சித்திரையில் திருமுக்கூடல் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிற அவர்களுடைய அம்மன் கோயிலுக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்து காட்டினாள்.

"அழுதியா?"

"கொஞ்சம். மாமா மடியில உக்காரவெச்சிக்கினு தலைய ரெண்டு பக்கமும் கெட்டியாப் புட்சிக்கினாரு. 'ஆட்டாத, அவ்ளோதான், இப்ப முடிஞ்சிரும்'னு சொல்லிக்கினே இருந்தாரு. பொய்யி பெரிம்மா. ரொம்ப நேரம் ஆச்சு."

மறுநாளே அம்மாவும் பிள்ளையும் ஷூட்டுக்கு வந்தார்கள். தகரக் கூரை, சித்திரை வெயில், ஏசி ரிப்பேர். உள்ளே வேகிற கோந்து வாடையில் நின்றுகொண்டு மேனேஜர் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, சாப்பாட்டில் விழுந்த பூச்சியைப் பார்ப்பது மாதிரி.

"என்ன மேடம் இது? ஹேருக்காகத்தானே ஃப்ரீ பண்ணோம்?"

"குழந்தைக்காகன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் மேக்கப் போடும் பெண்ணைப் பார்த்துக் கையசைத்தார். அவள் அலமாரியிலிருந்து அந்த விக்கை எடுத்து வந்தாள். தங்க நிறத்தில் சாயம் போட்ட, தரை வரைக்கும் தொங்குகிற முடி. அதன் உள்பக்கத்து வலையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பல தலைகளின் எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்து, பிசுபிசு என்று இருக்கும். ஈர் ஒட்டிக்கொண்டிருந்ததை ஒருநாள் என் நகத்தாலேயே எடுத்திருக்கிறேன். சந்தனம் கலையாத அந்தத் தலையில் அதை வைத்து அழுத்தினாள். குழந்தை மூக்கைச் சுளித்தாள். "நாறுதும்மா" என்றாள்.

அம்மா பாவம், பெரிய இடம் என்று முதலில் ஒதுங்கித்தான் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏன் சார், பொம்ம முடிதானே இது? நைலான்தானே?"

மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நைலானா? ஒரிஜினல் ஹியூமன் ஹேர்மா. கோயில் முடி. மொட்டை போடறாங்கல்ல, அதை ஏலத்துல எடுத்து, க்ளீன் பண்ணி, கலர் பண்ணி, ஃபாரின்லாம் போகுது. சும்மா இல்ல."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா பாய்ந்து போய் இரண்டு கையாலும் அதைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். பிள்ளையின் தலையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"நேத்துதான் சார் குட்த்துட்டு வந்தோம். யாரோ அவங்க புள்ளைக்காகக் குட்த்தத என் புள்ள தலையில வெக்கிறியே. குட்த்தத திருப்பி வாங்கிக்கினா இன்னா ஆவும் தெரியுமா உனக்கு? அவ உசுருக்குக் குட்த்தது சார் அது!"

"சென்டிமென்ட்லாம் வேணாம்மா, ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்" என்றார் மேனேஜர்.

நான் கேமராவை மேஜையில் வைத்தேன். விக் வைத்தால் எடுக்க மாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வெளியே காத்திருந்த குடும்பங்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தன. அவர் குரல் இறங்கியது. சரி, மொட்டையாகவே எடுங்கள் என்றார். அதோடு விடாமல் நான் கேட்டேன். "அப்புறம் கம்ப்யூட்டர்ல முடி ஒட்டமாட்டீங்களே?"

"சத்தியமா இல்ல மேடம்."

கோபுரத்து ஜன்னல் வேண்டாம் என்று குழந்தை சொல்லிவிட்டாள். நேராக டிராகனிடம் போனாள். அது பையன்களுக்கு, பெண்பிள்ளைகளுக்கு வேறு இருக்கிறது என்று மேக்கப் பெண் சொன்னது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஏறுவதற்கு முன்னால் அதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஏறி உட்கார்ந்து முதுகை நிமிர்த்தி, கையை முட்டியில் வைத்துக்கொண்டு, சாமி உட்காருகிற மாதிரியே எதிரே பார்த்தாள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. சாமி எங்கே சிரிக்கிறது? சந்தனம் திட்டுத் திட்டாகக் காய்ந்த மொட்டைத் தலை, மேலே தகர இடுக்கிலிருந்து விழுந்த ஒரு துண்டு வெயில். எடுத்தேன். அந்த அழுகிப்போன இடத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க எடுத்ததில் நல்ல படம் என்றால் அது ஒன்றுதான். கேமராவின் சின்னத் திரையில் அவளுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் பூதம் மாதிரி கீறேன்" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு அவளிடம் இல்லை. எங்கள் ஊர் வாகனங்களில் பூதம்தான் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆடியில் பிறந்தநாள் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு, தறிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து, கேக் வைத்திருந்தார்கள். ஏழு வயது. தலையில் முடி விரற்கடை அளவு வளர்ந்து குத்திட்டு நின்றது. பள்ளிக்கூடத்தில் 'மொட்டை' என்று கூப்பிடுவது அப்போதுதான் நின்றிருந்தது. கம்பெனியிலிருந்து ஃபிரேமை ஆள் மூலம் அனுப்பியிருந்தார்கள். அவளே காகிதத்தைக் கிழித்துப் பிரித்தாள்.

டிராகன் இருந்தது. அதன் கோரைப் பல்லை எடுத்துவிட்டுச் சிரிக்க வைத்திருந்தார்கள். மேலே ஒரு வெள்ளைக்காரக் குழந்தை மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. நிறத்தை வெளுத்து, கன்னத்தில் ரோஸ் அப்பி, மூடியிருந்த உதட்டை இழுத்துச் சிரிப்பாக்கியிருந்தார்கள். தலையிலிருந்து டிராகனின் வால் வரைக்கும் தங்க முடி புரண்டது. கையில் இருந்த கேக்கைத் தட்டிலேயே வைத்தேன்.

குழந்தை படத்தைப் பார்த்தாள், தன் தலையைக் கையால் தடவிப் பார்த்தாள். அம்மா எழுந்து வந்து பார்த்தாள். அவள் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திருப்பி வாங்கிக்கின மாதிரி ஆய்ட்ச்சேக்கா" என்றாள்.

படம்தானே, நான் ஒரிஜினலை வாங்கி வேறு பிரின்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டது. சாதாரண ஜலதோஷக் காய்ச்சல் என்று டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். நானும் கூடத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த அம்மாவிடம் யார் போய் ஜலதோஷம் என்று சொல்வது? அவள் கண்ணில் ஆஸ்பத்திரி வராந்தாதான் தெரிந்தது. காய்ச்சல் இறங்கினதும் மறுபடி மொட்டை போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். குழந்தை அழுதாள். இப்போதுதான் வந்திருக்கிறது, மறுபடியும் எல்லோரும் மொட்டை என்று கூப்பிடுவார்கள், நான் என்ன தப்பு செய்தேன் என்று அழுதாள். அம்மாவும் அழுதுகொண்டேதான் சொன்னாள், "எனக்கு நீ வேணும்டி" என்று.

நான் ஆலைக்குப் போனேன். மேனேஜர் குளிர்ந்த காப்பியைக் குழலில் உறிஞ்சிக்கொண்டிருந்தார். எடுத்த படமெல்லாம் அன்றன்றே கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போய்விடும், என்னிடம் பிரதி கிடையாது. ஒரிஜினல் படம் வேண்டும் என்றேன். ஃபிரேம் போட்டுக் கொடுத்த பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடுவோம், இடம் அடைக்கும் என்றார். சத்தியம் செய்தீர்களே என்றேன்.

"மேடம், பர்த்டே போட்டோல மொட்டையாவா குடுப்பாங்க? எங்க பேஜ்ல போடணும்ல? இத்தனை வேலை ஃப்ரீயா பண்ணியிருக்கு எடிட்டர். அழகாத்தானே இருக்கு? தேங்க்ஸ் சொல்லணும் அவங்க."

அவர் பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் நிஜமாகவே அதை அழகு என்று நம்புகிறார். அந்த முகத்தை எடுத்துவிட்டு இதை வைத்தால் ஒரு நல்லது செய்ததாக நினைக்கிற ஆளிடம் என்ன பேசுவது? உங்கள் கடற்கன்னி வாலை நீங்களே ஒருநாள் போட்டுக்கொண்டு பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டு என் லென்ஸ்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, குழந்தை, நான் மூன்று பேரும் திருமுக்கூடல் பக்கம் அந்தக் கோயிலுக்குப் போனோம். மாமாவுக்கு வேலை, வர முடியவில்லை. அம்மா ஃபிரேமை உடைத்துக் கண்ணாடியை எடுத்துவிட்டு, படத்தை மட்டும் சுருட்டிப் பையில் வைத்திருந்தாள். பிள்ளை முகம் இருக்கிற படம், எரிக்கக் கூடாது. வீட்டிலும் வைக்க முடியாது. அம்மன் காலடியில் போட்டுவிடலாம் என்று கொண்டுவந்தாள்.

மரத்தடியில் முடி இறக்குகிறவர் தண்ணீரும் சந்தனக் கிண்ணமும் கத்தியுமாகத் தயாராக இருந்தார். அம்மா சொன்னதைக் கேட்டு, "சித்திரையில வந்தீங்களே, அதுக்குள்ளவா?" என்றார். குழந்தை அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையிலிருந்து படத்தை இழுத்தாள். விரித்தாள்.

"முடி இவளுக்குத்தானே வளந்துச்சு?" என்றாள். "இவளுக்குப் போடுங்க."

முடி இறக்குகிறவர் சிரிக்கப் போனவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "இன்னாம்மா சொல்ற?" என்று அவளையே கேட்டார். அம்மா சன்னதிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள்.

குழந்தை கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து படத்தை மடியில் வைத்து, அந்த முகத்துக்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் புது பிளேடைப் பிரித்து மாட்டினார். வழக்கப்படி விரலில் தண்ணீர் தொட்டுத் தடவினார். சுரண்ட ஆரம்பித்தார். தங்க நிறம் பொடிப்பொடியாக எழும்பி வந்தது. பிளேடை ஒரு துணியில் துடைத்துத் துடைத்துச் சுரண்டினார்.

"ஆட்டாத" என்று குழந்தை படத்திடம் சொன்னாள். "அவ்ளோதான். இப்ப முடிஞ்சிரும்."

முடிந்தபோது தங்கம் எல்லாம் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம் இருந்தது. போட்டோக்காரி எனக்கு அது முன்பே தெரியும், அடியில் வேறொன்றும் இருக்காது என்று. அவளுக்குத் தெரியாது. குனிந்து உற்றுப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

"உள்ள என் தலை இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். "எங்க பெரிம்மா போச்சு?"

அந்த மேனேஜரை, அந்த எடிட்டரை, அந்த முடியை அழகு என்று அவர்களை நம்ப வைத்த எல்லாவற்றையும் அந்த நிமிஷம் வெறுத்தேன். அம்மாதான் கிண்ணத்திலிருந்து சந்தனத்தை அள்ளினாள். பிள்ளையின் தலைக்குப் பூசுகிற அதே மாதிரி, அந்த வெள்ளை மேல் நெற்றியிலிருந்து பின்பக்கமாக இழுத்துப் பூசினாள். வெள்ளை மறைந்து, ஒரு மொட்டைத் தலை மாதிரி ஆனது. படத்தை அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு, முடிதான் போய்விட்டதே, இனி வீட்டில் வைக்கலாம் என்று கையோடு எடுத்தும் வந்துவிட்டாள். குழந்தையின் தலையில் அன்று கத்தி படவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, சந்தனம் காயட்டும் என்று படத்தைக் காற்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா தூங்கிவிட்டாள். வாலாஜாபாத் தாண்டி வந்து, அந்த ஆலையின் ரோஸ் கலர் கோபுரம் மரங்களுக்கு மேல் தெரிந்ததும், அவள் சட்டென்று படத்தை உள்ளே இழுத்து முகத்தைத் தன் நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஈரம் ஒட்டிக்கப் போவுது" என்றேன்.

"அவங்க பாத்தா மறுபடி முடி வெச்சிருவாங்க பெரிம்மா" என்றாள்.